ஸ்டேபிள்னா யாருக்கு, எதுவரைக்கும்?

வணக்கம் நேயர்களே. உங்க ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ்க்குள்ள போய்ப் பாத்தா கெர்னல் வெர்ஷன்னு ஒரு நம்பர் இருக்கும், அது லினக்ஸ் கெர்னல், அதாவது ஹார்டுவேருக்கும் ஆப்களுக்கும் நடுவுல இருக்குற அடிப்படை மென்பொருள். அதோட ஆவணங்கள்ல 'ஸ்டேபிள்'னு எழுதியிருக்கே, அது யாருக்கு, எதுவரைக்கும்னு தெளிவா சொல்லணும்ங்கிறது என்னோட ரொம்ப நாள் ஆசை.

ஸ்டேபிள் ரிலீஸ்னா பிழை திருத்தம் மட்டும் வர்ற வெர்ஷன். ஆனா கெர்னலுக்கு உள்ள டிரைவர்கள், அதாவது ஹார்டுவேரை இயக்குற மென்பொருள்கள், பேசிக்கிற இடைமுகத்துக்கு (ரெண்டு மென்பொருள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற முறைக்கு) எந்த உத்தரவாதமும் கிடையாது, கெர்னல் உருவாக்குறவங்கள்ல ஒருத்தரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் அதை வெளிப்படையாவே ஒரு ஆவணமா எழுதி கெர்னல் கூடவே வச்சிருக்காரு. வெளியில ஓடுற புரோகிராம்களுக்கு மட்டும் நேர்மாறு, நேத்து ஓடுனது இன்னைக்கும் ஓடணும். வீட்டுச் சுவத்துல பிளக் பாயிண்ட் மாறாது, உள்ள வயரிங்க எப்ப வேணா மாத்துவாங்க, அந்த மாதிரி. வெளியில இருந்து வாங்கிப் போட்ட வைஃபை டிரைவர் அப்டேட்டுக்கு அப்புறம் வேலை செய்யலன்னு திட்டுறவங்க பலபேர் இந்த ரெண்டையும் ஒண்ணா நெனச்சவங்கதான்.

2011ல நடந்ததைச் சொல்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 2003 கடைசில இருந்து 2.6, 2.6னே போயிட்டிருந்த கெர்னல் வெர்ஷன் நம்பர், 2.6.39க்கு அப்புறம் 3.0 ஆச்சு. பெருசா வேற ஒண்ணும் மாறல, நம்பர் மட்டுந்தான், ஆனா சில புரோகிராம்கள் 2.6ன்னு ஆரம்பிக்கும்னு நம்பியே எழுதியிருந்தாங்க, அதெல்லாம் நின்னுபோச்சு. தப்பு அந்த புரோகிராம்மேலதானேன்னு விட்டிருக்கலாம் இல்லையா? விடல. யூநேம்26னு ஒரு வசதி சேத்தாங்க, அதைப் போட்டா 3.1 கெர்னல் தன்னை 2.6.41ன்னு சொல்லிக்கும்! நம்பர் இப்படித்தான் இருக்கும்னு யாரும் எழுதிக் குடுக்கல, ஆனா ஜனங்க நம்புனதாலயே அது வாக்குறுதி ஆயிருச்சு. எழுதாததே இவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும்னா, எழுதுறதை எவ்வளவு கவனமா எழுதணும்!

வெளியில ஓடுற புரோகிராம்களுக்கான வாக்குறுதிகளை எழுதி வைக்குறதுக்குன்னே கெர்னல் ஆவணங்கள்ல ஏபிஐ-ன்னு (ABI, கெர்னலுக்கும் புரோகிராம்களுக்கும் நடுவுல இருக்குற இடைமுகம்) ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுக்குள்ள ஸ்டேபிள், டெஸ்டிங், அப்சொலீட், ரிமூவ்டுன்னு நாலு பிரிவு. ஸ்டேபிளுக்கு குறைஞ்சது 2 வருஷம் உத்தரவாதம்னு சொல்லிட்டு, அதே பத்தியிலேயே சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னல்கிட்ட வேலை கேக்குற அழைப்பு) மாதிரி பெரும்பாலானது என்னைக்குமே மாறாதுன்னு எதிர்பாக்கலாம்னும் இருக்கு. புதுசா படிக்கிற பையன் எதை எடுத்துக்குவான்? 2 வருஷத்தையா, என்னைக்குமேங்கிறதையா? ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு, எது எதுக்கு எந்த உத்தரவாதம்னு எழுதணும்னுதான் திரும்பத் திரும்பச் சொல்றேன். டெஸ்டிங்னா பரிசோதனைன்னு நெனச்சு ஒதுக்கிடாதீங்க, அது கிட்டத்தட்ட முடிஞ்ச இடைமுகம், பெரிய கோளாறோ பாதுகாப்புப் பிரச்சனையோ வந்தாத்தான் உடைப்பாங்க.

நேரம் ஆச்சுன்னு கைகாட்டுறாங்க, அப்சொலீட் பத்தி விரிவா பேச முடியல, அது இன்னும் கெர்னல்ல இருக்கும், பின்னாடி எடுத்துருவாங்க, அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு, டெஸ்டிங்ல இருக்குறதை நீங்க பயன்படுத்துறீங்கன்னா அங்க 'யூசர்ஸ்'ங்கிற வரியில உங்க புரோகிராம் பேரைச் சேத்துடுங்க, மாத்துறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்ல கெர்னல் எழுதுறவங்களுக்கு வழி கிடைக்கும். நன்றி, வணக்கம்.