கொதித்தாலும் சாகாத நஞ்சு: கண்புரை அறுவைக்குப் பின் வரும் அழற்சி

(காட்சி: காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. பித்தளைக் கூஜாவைப் புளி போட்டுத் துலக்கும் கைகள்.)

கூஜாவின் வெளிப்புறத்தைப் பளபளப்பாக்குவது எளிது. கழுத்துக்குள் தங்கிய புளி போகும் வரை அலசுவதில்தான் பாடு இருக்கிறது என்பது செட்டிநாட்டில் சாமான் துலக்கிய எல்லோருக்கும் தெரியும். கண்புரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் திரவம் செலுத்தப் பயன்படும் கேனுலா என்ற மெல்லிய குழாயின் உள்துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. அதற்குள் காய்ந்து ஒட்டிய கசடு, அடுத்தவரின் கண்ணுக்குள் போனால் என்ன ஆகும்?

(காட்சி: கண்ணின் குறுக்குவெட்டுப் படம்.)

கருவிழிக்கு, அதாவது கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவுக்கு, பின்னால் உள்ள முன்னறை, ஏறக்குறைய கால் மில்லி திரவமே கொள்ளும் சிற்றறை. கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கும் உள்வரிச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. நச்சுப் பொருள் அங்கே சேர்ந்தால், கிருமியே இல்லாமல், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்திற்குள் கடும் அழற்சி உண்டாகிறது. இதை மருத்துவர்கள் சுருக்கமாக டாஸ் (TASS, Toxic Anterior Segment Syndrome) என்பார்கள்.

(காட்சி: மறுநாள் காலை. ஆச்சியின் கண்கட்டு பிரிக்கப்படுகிறது.)

கருவிழி ஓரத்திலிருந்து ஓரம் வரை மங்கியிருக்கும். வலி குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். ஆகவே, “வலியே இல்லை” என்று ஆச்சி சொன்னாலும், பார்வை புகைபோல் மங்கியிருந்தால் வீட்டார் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கிருமித் தொற்று பெரும்பாலும் சில நாள் கழித்து, வலியோடு வரும். ஆனால் இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் வேலை, நம் ஊகம் அல்ல.

(காட்சி: கருவி கழுவும் அறை.)

அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்துவிட்டோமே, பிறகென்ன என்ற எண்ணம்தான் இங்கே மிகவும் ஆபத்தானது. வெப்பம் பாக்டீரியாவைக் கொல்லும். ஆனால் சில பாக்டீரியாக்களின் செல்சுவரிலுள்ள எண்டோடாக்சின் அந்த வெப்பத்தையும் தாங்கி, நஞ்சாகவே நிற்கும். ஒலியலை அதிர்வால் கருவிகளைக் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் இத்தகைய கிருமிகள் பெருகும் என்பதால், தொட்டியை நாள்தோறும் காலி செய்து, சுத்தப்படுத்தி, உலர வைக்க வேண்டும். அறுவையில் செலுத்தும் பிசுபிசுப்பான விஸ்கோ திரவம் காய்வதற்கு முன்பே, கருவி மேசையை விட்டு நகரும்போதே குழாய்களுக்குள் நீர் பாய்ச்சிவிட வேண்டும். கழுவப் பயன்படுத்தும் என்சைம் கரைசலும் எஞ்சினால் நஞ்சுதான். ஆகவே கடைசி அலசல் தாராளமாக இருக்க வேண்டும். சம்பை ஊற்றுத் தண்ணீரின் சுவையில் காரைக்குடிக்குப் பெருமை உண்டு. ஆனாலும் குடிக்க இனிக்கும் நீர் கண்ணுக்குள் போகும் கருவிக்கு ஏற்றதாகிவிடாது. கடைசி அலசலுக்குக் கிருமி நீக்கிய காய்ச்சிவடித்த நீரே வேண்டும். பிறகு குழாய்க்குள் காற்றைச் செலுத்தி ஈரத்தை வெளியேற்ற வேண்டும்.

கண் சிகிச்சை முகாம் நாட்களில் நோயாளிகள் வரிசையாகக் காத்திருக்கும்போது இந்த அலசல்தான் முதலில் குறுகுகிறது என்பதே என் கவலை. அலசலை அவசரப்படுத்துவதைவிட, கூடுதலாகச் சில கருவித் தொகுதிகளை வாங்கி வைப்பது மேல்.

(காட்சி: மருந்துக் குப்பியின் லேபிள்.)

முன்னறைக்குள் செலுத்தும் மருந்தில் பென்சல்கோனியம் குளோரைடு போன்ற பதப்படுத்தி இருக்கக் கூடாது. நுண்ணுயிர்க்கொல்லியைக் கலக்கும் அளவை இருவர் சரிபார்க்க வேண்டும். 2005-ல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்த அழற்சி பரவியபோது, அறுவையின்போது கண்ணைக் கழுவும் உப்புக் கரைசல் ஒன்றில் எண்டோடாக்சின் கலந்திருந்தது தெரியவந்தது. அத்தகைய காரணத்தை விரைவில் கண்டுபிடிக்க, கரைசல், விஸ்கோ, லென்ஸ் ஆகியவற்றின் தொகுப்பு எண்களை ஒவ்வொரு நோயாளியின் பதிவேட்டிலும் அன்றே எழுதிவிட வேண்டும்.