பெட்டி எண் 999

நடுவர் ஐயாவுக்கும் லண்டன் தமிழ் உறவுகளுக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களை முன்னால் பேசியவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள். பொது ஒளிபரப்புக்கு அழகு நடுநிலையா, மனிதாபிமானமா? மனிதாபிமானமே!

2009 ஜனவரி. காசாவில் 22 நாள் போர் ஓய்ந்திருக்கிறது. 1,300-க்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் உயிரிழந்திருந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கம், ஆக்ஸ்பாம் எல்லாம் சேர்ந்த நிவாரணக் கூட்டமைப்பு, மக்களிடம் நிதி கேட்கும் ஒரு சின்ன வேண்டுகோளைப் பிபிசியில் போடச் சொன்னது. தலைமை இயக்குநர் மார்க் தாம்சன் மாட்டேன் என்றுவிட்டார். நடுநிலை கெட்டுவிடுமாம்! இஸ்ரேலின் நட்பு நாடு பிரிட்டன். அதன் அமைச்சர் டக்ளஸ் அலெக்சாண்டரே மறுபடி யோசியுங்கள் என்கிறார். பிபிசி அசையவில்லை. ராஜாவை மிஞ்சிய ராஜ விசுவாசம் ஐயா இது!

இங்கேதான் வருகிறார் பிரிட்டனின் மூத்த அரசியல்வாதி டோனி பென். வயது 83. பேட்டிக்கு என்று பிபிசியே கூப்பிட்டு உட்கார வைத்தது. மனுஷன் நேரலையில் என்ன செய்தார் தெரியுமா? நீங்கள் போடாவிட்டால் நானே போடுகிறேன் என்று சொல்லி, பணம் அனுப்ப வேண்டிய முகவரியை வாசித்துவிட்டார். பெட்டி எண் 999, லண்டன்! செய்தியாளர் குறுக்கே பேசிப் பார்க்கிறார். இவர் விடுவாரா? திரும்பவும் வாசிக்கிறார். பெட்டி எண் 999! (நடுவர் ஐயா எழுதிக்கொள்கிறீர்களா? இப்போது அனுப்பினால் யாருக்குப் போகுமோ!)

எதிரணி அண்ணன் சற்று முன்னால் ஒரு குத்து விட்டார்: "டிவி லைசென்ஸே கட்டாத அணி பிபிசியைக் குறை சொல்லலாமா?" நீங்களும் கை தட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணே, பிபிசி நடக்க வீட்டுக்கு வீடு கட்டும் அந்த ஆண்டுக் கட்டணத்தை நான் கட்டுகிறேன். 2025-ல் 174 பவுண்டு 50 பென்ஸ். என்னை விடுங்கள். அந்த டோனி பென் யார்? 1964 முதல் 66 வரை தபால் துறை அமைச்சர். அந்தக் காலத்தில் டிவி லைசென்ஸ் அந்தத் துறையின் கையில். லைசென்ஸ் காசை வசூலித்த அமைச்சரே பிபிசிக்குள் உட்கார்ந்து பிபிசியைக் கேள்வி கேட்டார். அதுவும் தபால் முகவரியை வாசித்து! அவருக்கு உரிமை இருக்கிறதா இல்லையா? சொல்லுங்கள் அண்ணே! ஐடிவி, சேனல் 4, ஃபைவ் மூன்றும் அந்த வேண்டுகோளைப் போட்டன. அவற்றின் நடுநிலைக்கு என்ன ஜுரமா வந்தது? ஸ்கை போடவில்லை என்பீர்கள். சரி, அதற்கு நான் லைசென்ஸ் கட்டவில்லையே!

கடைசியாக ஒன்று. அதே ஜனவரியில் வன்னியிலும் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. இந்த மண்டபத்தில் இருக்கிற எத்தனை பேர் வேலைக்கு நடுவே பிபிசியின் தமிழ் வானொலியான தமிழோசைக்காகக் காத்திருந்தோம்? இரண்டு தரப்புக் கருத்தும் சமமாக வருகிறதா என்றா கேட்டோம்? அம்மம்மா எந்தப் பக்கம் இடம்பெயர்ந்தார், தண்ணீராவது கிடைத்ததா, அதைத்தானே கேட்டோம்? அன்றைக்கு யாராவது நமக்காக ஒரு முகவரியை வாசித்திருந்தால்...

மணி அடித்துவிட்டீர்கள். உட்காருகிறேன் ஐயா. காசாவிலும் அம்மம்மாக்கள் இருந்தார்கள். அவர்களுக்காக இரண்டு நிமிடம் தர மறுத்தவர்கள் பக்கமா தீர்ப்புச் சொல்லப் போகிறீர்கள்?