டேப்பை விடுங்கள், வாஷரைப் பாருங்கள்: மெயின் லைன் கசிவு நின்றது!

வணக்கம் நண்பர்களே! இதோ, காய்ந்த துணியால் துடைக்கிறேன், பாருங்கள். ஒரு பொட்டு ஈரம் இல்லை! தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டே இருந்ததே, அதே யூனியன்தான். அதாவது, இரண்டு பைப்புகளின் முனைகளை முகத்தோடு முகம் வைத்து, ஒரு நட்டால் இறுக்கிச் சேர்க்கும் ஜாயின்ட். கீழே ஒரு மக் வைத்து அளந்தேன். 4 மணி நேரத்தில் 1 லிட்டர். அப்படியென்றால் நாளுக்கு 6 லிட்டர், மாதத்துக்கு 180 லிட்டர். அந்தக் கணக்கைப் போட்ட பிறகு தூக்கமே வரவில்லை.

போன வீடியோவில் யூனியன் நட்டின் மரையில் டெஃப்ளான் டேப் சுற்றினேன். இரண்டே நாளில் மறுபடியும் சொட்டு. நிறையப் பேர் "இன்னும் நாலு சுற்று சுற்றுங்கள்" என்றீர்கள். வேண்டாம்! யூனியனில் அந்த நட்டின் மரை தண்ணீரைத் தடுப்பதில்லை. இரண்டு முகங்களையும் சேர்த்து அழுத்துவது மட்டும்தான் அதன் வேலை. தண்ணீரைத் தடுப்பது நடுவில் இருக்கும் ரப்பர் வாஷர். டேப் தேவைப்படுவது யூனியனின் இரு பக்கமும் பைப்போடு சேரும் மரைகளில். கசிவின் மேல் பசையை அப்பி மூடுவதும் எனக்கு அறவே பிடிக்காது. கோளாறு உள்ளே அப்படியேதான் இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். மெயின் வால்வை மூடினேன். மூடிய பிறகும் நூல் மாதிரி தண்ணீர் வருகிறது! பழைய கேட் வால்வு. பல வருடம் திறந்தே கிடந்ததால் அடியில் உப்பும் மண்ணும் படிந்து, உள்ளே இருக்கும் தகடு முழுதாக இறங்கவில்லை. பலம் கொடுத்துத் திருகியிருந்தால் தண்டு முறிந்திருக்கும். அதனால் அரைச் சுற்று திறந்து, தண்ணீர் வேகமாக ஓடட்டும் என்று விட்டு, மெதுவாக மூடினேன். மறுபடி திறந்தேன், மூடினேன். ஐந்தாவது தடவை தண்ணீர் நின்றது! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். மூடுவதற்கு முன்னாலேயே இரண்டு வாளி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மூடியதும் தாழ்வான குழாய் ஒன்றைத் திறந்து, லைனில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

நட்டைக் கழற்றினால், வாஷர் ஒரு பக்கம் நசுங்கி, குறுக்கே வெடித்திருக்கிறது. இதோ, கேமரா பக்கத்தில் காட்டுகிறேன். புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், அளவும் தடிமனும் ஒப்பிட்டு வாங்குங்கள். இரண்டு முகங்களையும் துணியால் துடைத்து, வாஷரை நேராக உட்கார வைத்து, கையால் முடிந்தவரை திருகி, அப்புறம் ரெஞ்சால் கொஞ்சம்.

இரண்டு ரெஞ்சு! அதைச் சொல்லவே இல்லையே. ஒன்றால் பைப் பக்கத்து முகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டுதான் மற்றதால் நட்டைத் திருப்ப வேண்டும், கழற்றும்போதும் சரி, பூட்டும்போதும் சரி. இல்லாவிட்டால் பைப்பே முறுக்கிக்கொண்டு, சுவருக்குள் இருக்கும் ஜாயின்ட் விட்டுவிடும்.

தண்ணீரை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். மாடிக் குழாய் ஒன்றைத் திறந்து வைத்து, வால்வை மெல்லத் திறந்தேன். காற்றெல்லாம் புஸ்ஸென்று வெளியேறிய பிறகு குழாயை அடைத்தேன்.

ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மீட்டரைப் படம் எடுத்து வைத்தேன். காலையில் பார்த்தால் அதே எண், கடைசி இலக்கம்கூட நகரவில்லை! அடுத்த வாரம் அந்தக் கேட் வால்வை எடுத்துவிட்டு, தகட்டுக்குப் பதிலாகத் துளையுள்ள ஓர் உருண்டை திரும்பி மூடும் பால் (ball) வால்வு போடப் போகிறேன்.