புயலுக்கு முன் எழுதும் பட்டியல்

நேயர்களுக்கு வணக்கம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடல் ஊருக்குள் புகுந்ததையும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததையும், 2015 வெள்ளத்தையும் கண்ட உங்களுக்குப் பேரிடர் இன்னதென்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்நாட்களில் உணவுப் பொட்டலத்துடன் வந்தவர்களை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் சமூகப் பணியாளரின் வேலை புயலுக்குப் பல மாதங்கள் முன்பே, நல்ல வெயில் நாளில், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தொடங்கிவிட வேண்டும்.

எந்த வீட்டில் நடக்க இயலாத முதியவர், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, ஒலிபெருக்கி அலறினாலும் யாருக்குக் காது கேளாது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையத்துக்கு வழிசெய்திருக்கிறது. அந்த ஆணையத்துக்குத் தெருவில் இருப்பவர்களின் பெயர்களைக் கொண்டு சேர்ப்பவர் இந்த நோட்டுக்காரர்தான்.

தானே புயலுக்கு முந்தைய மாலை, ஒரு கடலோரக் குப்பத்தில் மூதாட்டி ஒருவர் பாதுகாப்பு மையத்துக்கு வர மறுத்தார். எச்சரிக்கை வண்டி மூன்று முறை அறிவித்துவிட்டுப் போய்விட்டது. நான் திண்ணையில் அவரருகே அமர்ந்து, "ஏன் ஆயா வர மாட்டேங்கறீங்க?" என்று கேட்டேன். "ரெண்டு ஆட்டையும் எங்கப்பா வுட்டுட்டு வர்றது?" என்றார். மையத்தின் பின்புறம் ஆடு கட்ட இடம் கேட்டு வாங்கியதும், குடும்ப அட்டையைப் பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஆடுகளைப் பிடித்தபடி எனக்கு முன்னால் நடந்தார். அன்றிலிருந்து என் நோட்டில் ஆடு மாடுகளுக்கும் ஒரு பத்தி உண்டு.

பட்டியல் முன்பே வேண்டும் என்று மீண்டும் சொல்கிறேன். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் பட்டா இருக்காது. இருளர் குடும்பங்கள் சிலவற்றில் குடும்ப அட்டையே இருக்காது. நிவாரணக் கணக்கெடுப்பின்போது கிராம நிர்வாக அலுவலரிடம் இவர்களுக்காக எடுத்துச் சொல்ல, இவர்களை முன்பே அறிந்த ஒருவர் தேவை.

உறவுகளை இழந்தவர்களின் மனத்துயர் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுனாமிக்குப் பின் கடலைப் பார்க்க அஞ்சிய பிள்ளைகளுடன் மாதக்கணக்கில் மணலில் அமர்ந்திருந்த பணியாளர்களை நான் அறிவேன். நிவாரண லாரிகள் திரும்பிய பிறகும் அவர்கள் அந்தத் தெருவுக்குப் போய்வந்தார்கள். வணக்கம்.