ஒரே பாட்டு, இரண்டு நாடாக்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஒலிப்பதிவைக் காதால் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு 1993 ஒரு வரம் தந்த ஆண்டு. அந்த ஆண்டு மே மாதம் 'ரிட் ஆஃப் மீ' வந்தது. அக்டோபரில் '4-ட்ராக் டெமோஸ்' வந்தது. இரண்டும் பி. ஜே. ஹார்வி என்ற பெயரில் வெளியான ராக் ஆல்பங்கள். அந்த நாட்களில் அது ஒரு மூவர் குழுவின் பெயராகவும் இருந்தது. பாட்டும் கிட்டாரும் இங்கிலாந்துப் பாடகி பாலி ஜீன் ஹார்வி, டிரம்ஸ் ராப் எல்லிஸ், பேஸ் கிட்டார் ஸ்டீவ் வான். முதலாவது, மூவரும் ஸ்டுடியோவில் வாசித்தது. மற்றது, ஹார்வி தனியாக வீட்டில் உட்கார்ந்து கேசட்டில் பதிந்து வைத்திருந்த டெமோக்கள், அதாவது மாதிரிப் பதிவுகள். எட்டுப் பாடல்கள் இரண்டிலும் உண்டு. ஒரே பாட்டு, ஒரே குரல், இரண்டு பதிவுகள். இப்படி ஒரு ஜோடி எளிதில் அமையாது.

முதலில் வீட்டுப் பதிவைப் பார்ப்போம். கேசட் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. சாதாரண கேசட்டில் அந்த அகலத்தில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு தடங்கள், அதாவது ஒலி தனித்தனியாகப் பதியும் கோடுகள், இருக்கும். நான்கு ட்ராக் கருவி அந்த நான்கையும் ஒரே திசையில் எடுத்துக்கொள்ளும். அதனால் கேசட்டைத் திருப்பிப் போட முடியாது, போட்டால் பாட்டு பின்னோக்கி ஓடும். பல கருவிகள் நாடாவை இரட்டை வேகத்தில், வினாடிக்கு 9.5 சென்டிமீட்டர் வீதம் இழுக்கும். அப்படி ஓடும்போது 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் பதியலாம். தடம் குறுகலாக இருப்பதால் நாடாவின் இரைச்சல் எப்போதும் அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை அமுக்க ஒலியளவை உடைகிற எல்லைக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றிப் பதிய வேண்டும்.

நான்கு தடங்களும் நிரம்பிவிட்டால்? மூன்றில் பதிந்ததைக் கலந்து நான்காவதில் இறக்கிவிட்டால் மூன்றும் மறுபடி காலியாகும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இறக்கிக் கலந்த பிறகு அந்த மூன்றின் விகிதத்தை மாற்றவே முடியாது. ஒவ்வொரு இறக்கத்திலும் இரைச்சல் கூடும், உச்ச ஒலிகள், அதாவது உயர்ந்த சுருதிகள், மழுங்கும். ஆகவே பேஸையும் தாளக் கிட்டாரையும் முதலில் இறக்குங்கள், தேவையைவிடச் சற்றுக் கூர்மையாகவே கலந்து இறக்குங்கள். குரலைக் கடைசிவரை தொடாதீர்கள். குரலை இறக்கினால் முதலில் சாவது மெய்யெழுத்துகளின் விளிம்புதான், சொல் கொழகொழவென்று ஆகிவிடும். இன்னொன்று: பக்கத்துத் தடத்திலிருந்து பக்கத்துத் தடத்துக்கு இறக்கும்போது ஒலி ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கசியும். உச்ச ஒலியைக் கூட்டி வைத்திருந்தால் கருவி வீலென்று கத்தவும் செய்யும்.

இந்தக் கட்டுப்பாடுகளையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு டெமோக்களைக் கேளுங்கள். குரல் காதோடு காதாக வந்து நிற்கிறது. தாளத்தின் பெரும் பாரத்தைக் கிட்டார் மீட்டும் கையே சுமக்கிறது.

இனி ஸ்டுடியோ. 'ரிட் ஆஃப் மீ' அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கேனன் ஃபால்ஸ் ஊரிலுள்ள பேக்கிடெர்ம் ஸ்டுடியோவில் 1992 டிசம்பரில் பதிவானது. பதிந்தவர் ஸ்டீவ் அல்பினி. நிர்வாணா குழுவின் 'இன் யூட்டெரோ'வையும் அடுத்த பிப்ரவரியில் அங்கேயே அவர்தான் பதிந்தார். தம்மைத் தயாரிப்பாளர் என்று போட வேண்டாம், பதிந்தவர் என்று போட்டால் போதும் என்பது அவர் கொள்கையாக இருந்தது. குழு ஒன்றாக வாசிப்பதை அப்படியே பிடிப்பதுதான் அவர் வழியாக இருந்தது. டிரம்ஸுக்கு அருகில் சில மைக்குகள், அறையில் தள்ளிச் சில மைக்குகள்.

தள்ளி வைத்த மைக் என்ன செய்கிறது? ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி வினாடி ஆகும். ஐந்து மீட்டர் தள்ளியுள்ள மைக்குக்கு அடி 15 மில்லி வினாடி தாமதமாகக் கேட்கும். அந்த அளவு தாமதத்தைக் காது எதிரொலியாக எடுத்துக்கொள்வதில்லை, இடத்தின் பரப்பாக எடுத்துக்கொள்கிறது. சின்ன அறையில் பதிகிறவர்கள் தூர மைக்கின் தடத்தை 10 முதல் 20 மில்லி வினாடி பின்னுக்குத் தள்ளி இதே விளைவைப் பெறலாம். அல்பினியும் இதைக் கையாண்டவர். அளவு மீறித் தள்ளினால் ஸ்னேர் டிரம் இரண்டு முறை அடித்ததுபோலக் கேட்கும். இரண்டு மைக்கையும் சேர்த்ததும் காலால் அடிக்கும் கிக் டிரம் மெலிந்துபோனால், ஒரு மைக்கின் துருவத்தை (பிளஸ், மைனஸை) மாற்றிப் பாருங்கள். எதில் அடித்தொனி அதிகமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பலரும் சொல்லும் குறை, குரல் கிட்டாருக்குள் முங்கிப்போகிறது என்பது. காரணம் எளிது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை நிரப்பிவிடும். சொல் புரிவதற்குக் காது நம்பியிருப்பதும் பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான். வழக்கமாக அங்கே கிட்டாரை 2, 3 டெசிபெல் வெட்டி, குரலை ஏற்றி வைப்பார்கள். இதில் குரல் அப்படி மேடையேறி நிற்கவில்லை, கிட்டாரோடு மல்லுக்கு நிற்கிறது. இந்தப் பாடல்களுக்கு அதுவே சரி என்பது என் உறுதியான எண்ணம். பாடுகிறவள் மூச்சுமுட்டப் போராடும் பாட்டில் குரல் சொகுசாக மிதந்தால் அந்தப் போராட்டம் எங்கே தெரியும்?

முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முணுமுணுப்பாகத் தொடங்கி, இரண்டு நிமிடம் போல அடங்கியே நடந்து, ஒரேயடியாக வெடிக்கிறது. தொடக்கத்தில் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டியவர்கள் அங்கே திடுக்கிட்டுப் போவார்கள். உரத்த ஒலியைத் தானாகவே குறைக்கும் கம்ப்ரசரால் நசுக்கியிருந்தால் இந்த வெடிப்பே இருந்திருக்காது.

இப்படிப் பாடுகிறவரை டிஜிட்டலில் பதியும்போது, முணுமுணுப்பைக் கேட்டு அளவு வைக்காதீர்கள். முதலில் கத்தச் சொல்லுங்கள். அந்த உச்சம், ஒலி உடையும் எல்லையான பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 6 டெசிபெலில் நிற்கும்படி வையுங்கள். 24 பிட் நுணுக்கத்தில் பதிந்தால் முணுமுணுப்பு மைனஸ் 30இல் கிடந்தாலும் பின்னால் தூக்கிக்கொள்ளலாம். வெடித்துச் சிதறிய உச்சத்தை ஒட்டவைக்க வழியில்லை. முணுமுணுப்புக்கு ஒரு சாண் தூரம், கத்தலுக்கு இரண்டு சாண். ஆனால் ஒருதிசை மைக்கில் நெருங்க நெருங்க அடித்தொனி பெருகும். முணுமுணுப்பு கும்மென்றும் கத்தல் சன்னமாகவும் வந்து, இரண்டும் வேறு வேறு ஆளின் குரல்போல ஆகிவிடும். இரண்டையும் தனித்தனித் தடத்தில் பதிந்து, முணுமுணுப்புக்கு மட்டும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கம்ப்ரசரில் 3க்கு 1 விகிதம் போதும், கத்தும்போது மூன்று நான்கு டெசிபெலுக்கு மேல் குறைய விடாதீர்கள். மீதியைக் கையால் ஏற்றி இறக்குங்கள்.

இரண்டு ஆல்பங்களையும் ஒப்பிட்டுக் கேட்க நினைத்தால் முதலில் குரலின் அளவு இரண்டிலும் சமமாகும்படி வைத்துக்கொள்ளுங்கள். சற்று உரக்கக் கேட்பது எதுவானாலும் அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். பிறகு ஒரே பாட்டை முதலில் டெமோவிலும் அடுத்து ஸ்டுடியோவிலும் போடுங்கள். ஒரு முறை குரலை மட்டும் பின்தொடருங்கள், மறு முறை கிட்டாரை மட்டும்.