ஒரே ஒரு ஊரை வைத்து உலகத்தையே ஜெயிக்கலாமா? பதில் நம்ம ஆற்காட்டில் இருக்கிறது!

ஒரே ஒரு ஊர். எதிரில் ஏழு சாம்ராஜ்யங்கள். 500 டர்ன், அதாவது 500 முறை உங்கள் வாய்ப்பு. இரண்டாவது ஊர் கட்டவும் கூடாது, பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. ஒரு கம்ப்யூட்டர் கேமை இப்படி விளையாடி ஜெயிக்க முடியுமா? முடியும்! வழக்கமான ஆட்டத்தைவிட ரசித்து ஜெயிக்க முடியும். எப்படி என்று காட்டுகிறேன். நடுவில் ஆற்காடு வரை ஒரு நடை போய் வரப் போகிறோம், அதனால் பாதியில் கிளம்பிவிடாதீர்கள்.

வணக்கம் நண்பர்களே, வேலூரிலிருந்து பேசுகிறேன்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடலாம். விளையாட்டின் பெயர் சிவிலைசேஷன், ஊர் கட்டி நாட்டை வளர்க்கும் கேம். கேம் வடிவமைப்பாளர் சித் மெய்யரின் முதல் பாகம் 1991-ல் வந்தது. இன்று திரையில் ஓடுவது 2010-ல் வந்த ஐந்தாம் பாகம், 2013-ல் வந்த பிரேவ் நியூ வேர்ல்டு இணைப்போடு. கி.மு. 4000-ல் தொடங்கி விண்கலம் வரை போகலாம். நீங்கள் ஒரு டர்ன், அவர்கள் ஒரு டர்ன். அவ்வளவுதான்.

சரி, ஏன் நமக்கு நாமே விலங்கு மாட்டிக்கொள்ள வேண்டும்? பழகிய ஆளுக்கு இந்த கேமில் பாதி ஆட்டத்திலேயே முடிவு தெரிந்துவிடும். பத்து ஊர் கட்டியாச்சு, படை பெரிது, பணம் கொட்டுகிறது. அதற்கு மேல் நெக்ஸ்ட் டர்ன் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதுதான் வேலை. டிஃபிகல்ட்டியை ஏற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். ஏற்றினால் கம்ப்யூட்டருக்குச் சலுகைகள் கூடும், உங்கள் பழக்கம் மாறாது. நீங்கள் எதை நம்பி ஜெயிக்கிறீர்களோ அதையே எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் கேமின் மற்ற பாகங்கள் கண்ணில் படும் என்பது என் திடமான கருத்து.

[திரையில்: அட்வான்ஸ்டு செட்டப் பக்கம், ஒன் சிட்டி சேலஞ்ச் கட்டத்தில் டிக்]

இதோ, விதி கேமுக்குள்ளேயே இருக்கிறது. உங்களுக்கு மட்டும்தான் இந்தக் கட்டுப்பாடு. கம்ப்யூட்டர் எத்தனை ஊர் வேண்டுமானாலும் கட்டும்.

உங்கள் உலகம் இப்போது ஊரைச் சுற்றி மூன்று வளையம், மொத்தம் 36 கட்டம். அதில் ஆறு எங்கே, குன்று எங்கே என்று ஒவ்வொரு கட்டமும் மனப்பாடம் ஆகிவிடும். நஷ்டமும் உண்டு. உங்கள் ஊருக்கும் உங்கள் இன்னொரு ஊருக்கும் நடுவே தானிய வண்டி ஓட்ட முடியாது, ஏனென்றால் இன்னொரு ஊரே இல்லை. ஆனால் லாபத்தைப் பாருங்கள். ஆராய்ச்சியை வேகப்படுத்தும் நேஷனல் காலேஜ் கட்ட எல்லா ஊரிலும் நூலகம் இருக்க வேண்டும். உங்களுக்கு ஒரே நூலகம் போதும்! மற்றவர்கள் ஊர் ஊராக நூலகம் கட்டி முடிப்பதற்குள் நீங்கள் காலேஜையே தொடங்கிவிடலாம். கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ஊருக்கும் ஆராய்ச்சிச் செலவு 5 சதவீதம் ஏறும். உங்களுக்கு ஏறவே ஏறாது.

எந்த நாட்டை எடுக்கலாம்? இந்தியா! இந்த பாகத்தில் இந்தியாவுக்கு ஊர்களின் எண்ணிக்கையால் வரும் அதிருப்தி இரண்டு மடங்கு, மக்கள் தொகையால் வரும் அதிருப்தி பாதி. நிறைய ஊர் கட்டுகிறவருக்கு முன்பாதி தொல்லை. ஒரே ஊரை ஊதிப் பெருக்குகிறவருக்குப் பின்பாதி வரம்.

இப்போது நான் காத்திருந்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

[திரையில்: ஆற்காடு, டெல்லி கேட்]

பாலாற்றங்கரையில் நிற்கும் இந்த வாசலை வட ஆற்காட்டுக்காரர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். 1751-ல் இந்த ஊர்தான் கர்நாடக நவாபின் தலைநகரம். நவாப் பதவியில் இருந்த சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டிருந்தார். உள்ளே இருந்தவர் அதே பதவிக்கு உரிமை கோரிய, ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலி. திருச்சிக்கு நேராகப் போய் மோத ஆங்கிலேயரிடம் ஆள்பலம் இல்லை. ராபர்ட் கிளைவ் என்ன செய்தார்? சென்னையிலிருந்து சுமார் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களோடு இங்கே வந்தார். தலைநகரத்தைப் பிடித்தால் திருச்சியைச் சுற்றி நிற்கும் படை பிரியும் என்பது கணக்கு. இடியிலும் மழையிலும் நிற்காமல் அணிவகுத்து வருகிறார்கள் என்று கேட்டதும் கோட்டைக் காவலர்கள் காலி செய்துவிட்டார்கள். சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் ஆற்காட்டை மீட்க வந்தார். திருச்சியின் பாரம் குறைந்தது.

அப்புறம் சுமார் 50 நாள் முற்றுகை. இடிந்த மதில், கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பீரங்கிகள், குறைந்துகொண்டே போகும் ஆட்கள். சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சிப்பாய்கள் சொன்னதாக ஒரு கதை உண்டு. கிளைவை வீரனாக்க எனக்கு எந்த ஆசையும் இல்லை. அந்த மதிலைக் காத்தவர்களில் பெரும்பாலானோர் பெயர் தெரியாத நம்ம சிப்பாய்கள். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

கேமர்களே, இதைக் கவனியுங்கள். முகமது அலி கூலிக்கு அமர்த்திய முராரி ராவின் மராத்தியக் குதிரைப்படை அதுவரை ஒதுங்கியே நின்றது. ஒரு சின்னக் கோட்டை இத்தனை நாள் தாங்குகிறது என்று தெரிந்ததும் உதவிக்கு வரத் தயாரானது. அந்தச் செய்திதான் ராசா சாகிபை அவசரப்படுத்தியது. நவம்பரில் கடைசித் தாக்குதல். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை வாசலை முட்டி உடைக்க ஏவினார்கள். துப்பாக்கிக் குண்டுகள் பட்டதும் யானைகள் திரும்பி ஓடித் தங்கள் ஆட்களையே மிதித்தன. முற்றுகை கலைந்தது.

[திரையில்: கேமில் குன்றின் மேல் என் ஊர் டெல்லி, மதிலுக்கு வெளியே எதிரிப் படை]

இப்போது என் ஆட்டத்தைப் பாருங்கள். ஊர் குன்றின் மேல், தற்காப்புக்குக் கூடுதல் பலம். ஒரு பக்கம் ஆறு, அதைத் தாண்டி அடிப்பவனுக்குப் பலம் குறையும். இந்த பாகத்தில் ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படைதான் நிற்க முடியும். அதனால் எவ்வளவு பெரிய படை வந்தாலும் முன்வரிசைதான் அடிக்கும், மற்றவை பின்னால் நெரிசலில் நிற்கும். உள்ளே வில்லாளிகள் இருந்தால் டர்னுக்கு டர்ன் அவர்களைக் குறைக்கலாம். அதோடு வெளியூர் வாணிபத்தில் வரும் தங்கத்தைக் கொடுத்து, எதிரியின் முதுகுப்பக்கம் இருக்கும் நாட்டைப் போருக்கு இழுத்துவிடுங்கள். திருச்சிக்காக ஆற்காட்டில் அடித்த அதே கணக்கு! இந்தியாவின் தனிப்படை போர் யானை என்பதையும் சேர்த்துப் பாருங்கள், எனக்குச் சிலிர்க்கிறது.

ஜெயிக்கும் வழியில் விண்கலம் கட்டி ஏவுவதுதான் என் தேர்வு. அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் அலுமினியம் வேண்டும். உங்கள் 36 கட்டத்தில் அது இல்லாமல் போகலாம். ஆகவே அலுமினியம் வைத்திருக்கும் குட்டி நகர அரசு ஒன்றை முன்கூட்டியே கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள். அது கைமாறினால் ஆட்டமே நின்றுவிடும், அதனால் கடைசி டர்ன் வரை பதற்றம் இருக்கும். நான் தேடியதும் அதைத்தான்.

வேறு விதிகளும் உண்டு: வொண்டர் எனும் அதிசயக் கட்டடம் ஒன்றுகூடக் கட்டாமல், போரே அறிவிக்காமல், அல்லது வெனிஸை எடுத்துக்கொண்டு. வெனிஸுக்குப் புது ஊர் நிறுவும் செட்லர் கட்டும் உரிமையே கிடையாது.

முதல்முறை முயற்சி செய்பவர்கள் நடுத்தர டிஃபிகல்ட்டியான பிரின்ஸ் நிலை, ஸ்டாண்டர்டு மேப், இந்தியா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் நிறுவும் முன் ஒன்றிரண்டு டர்ன் செலவானாலும் பரவாயில்லை, ஆற்றோரக் குன்றாகத் தேடுங்கள். ஆட்டம் முடிந்ததும் எத்தனையாவது டர்னில் ஜெயித்தீர்கள், அல்லது யார் வந்து ஊரைப் பிடித்தார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த ஆட்டத்துக்கான விதியை நீங்கள் சொல்வதிலிருந்தே எடுக்கிறேன்.