பச்சைக் கச்சையும் ஒரு கீறலும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த நேரத்திலும் கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

‘மத்திய கால ஐரோப்பிய வீரக் கதைகளில், சோதனை வரும்போது வீரனை நிமிர்த்துவது பக்தியா, மானமா?’ இதுதான் தலைப்பு. எதிரணி அம்மையார் பக்திக்காக அருமையாகப் பேசினார். ஆர்தர் மன்னரின் வீரர்கள் இருவரில் பெர்சிவலைக் கூட்டிவந்து நிறுத்தினார், கவெய்னின் கேடயத்தைத் தூக்கிக் காட்டினார். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

பெர்சிவலை முதலில் அனுப்பிவைத்துவிடுகிறேன். 13ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு உரைநடைக் கதை. பேய் ஒன்று அழகியாக வந்து கூடாரத்தில் மது ஊற்றிக் கொடுக்கிறது. இவன் மயங்கிப் படுக்கப் போகிறான். அந்த நேரம் பார்த்து வாளின் கைப்பிடியில் இருந்த சிலுவை கண்ணில் படுகிறது. சிலுவைக் குறி போடுகிறான், கூடாரமே புகையாகிப் போகிறது. அம்மா, வாள் இன்னொரு பக்கம் திரும்பிக் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை விடுங்கள். தப்பித்த பிறகு அவன் என்ன செய்கிறான்? அதே வாளை எடுத்துத் தன் தொடையிலேயே குத்திக்கொள்கிறான். பேய்தான் ஓடிப் போய்விட்டதே, அப்புறம் எதற்குக் குத்து? கூசுகிறது ஐயா, உடம்பு கூசுகிறது. அதற்குப் பெயர்தான் மானம்.

இப்போது கவெய்ன். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட ஆங்கிலக் காவியம், 2530 வரிகள். எழுதியவர் பெயர் தெரியாது. மிஞ்சியது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. 1731இல் அது இருந்த நூலகம் தீப்பிடித்தபோது தப்பியது.

ஆர்தர் மன்னரின் புத்தாண்டு விருந்தில் ஒரு பச்சை மனிதன் பச்சைக் குதிரையில் நுழைகிறான். “என்னை ஒரு வெட்டு வெட்டு, ஓராண்டு கழித்து நான் உன்னை ஒரு வெட்டு வெட்டுவேன்” என்கிறான். கவெய்ன் வெட்டுகிறான். விழுந்த தலையை முடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, “மறக்காமல் வந்து சேர்” என்று சொல்லிவிட்டுப் போகிறான் பச்சை மனிதன்!

கவெய்னின் கேடயத்தில் ஐந்து முனைத் தங்க நட்சத்திரம். கிறிஸ்துவின் ஐந்து காயங்கள், மாதாவின் ஐந்து மகிழ்ச்சிகள் எல்லாம் அதில் அடக்கம். உள்பக்கம் மாதாவின் படம். சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பச்சை மனிதனைத் தேடிப் போகிறவன், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், நடுக்காட்டில், திருப்பலிப் பூசை காண ஓர் இடம் வேண்டும் என்று ஜெபிக்கிறான். மூன்று முறை சிலுவைக் குறி போடுகிறான், உடனே ஒரு கோட்டை தெரிகிறது. “பார்த்தீர்களா பக்தியின் பலனை!” என்றார் அம்மையார். பார்த்தோம் அம்மா. அந்த வீடு யாருடையது என்று ஏன் சொல்லவில்லை? இவன் தலையை வெட்டக் காத்திருக்கும் அதே பச்சை மனிதனுடைய வீடு!

அவர் யார் என்று தெரியாமலே அங்கே ஒரு பந்தயம் கட்டுகிறான். வீட்டுக்காரர் வேட்டையில் கிடைத்ததைக் கொடுப்பார், கவெய்ன் வீட்டில் கிடைத்ததைக் கொடுக்க வேண்டும். மூன்று நாள் காலையிலும் வீட்டுக்காரி இவன் கட்டிலருகே வந்து உட்காருகிறாள். கிடைத்த முத்தங்களை இவனும் நாணயமாக வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகிறான். மூன்றாம் நாள், மாதா கவனிக்காவிட்டால் ஆபத்துதான் என்று கவிஞரே சொல்கிறார். ஒப்புக்கொள்கிறேன், ஆசையிலிருந்து மாதா காப்பாற்றினாள். அதே காலையில் வந்த உயிர்ப் பயத்திலிருந்து? “இந்தப் பச்சைப் பட்டு இடுப்புக் கச்சையைக் கட்டியிருப்பவனை யாராலும் கொல்ல முடியாது” என்கிறாள் அவள். தாயத்து ஐயா, தாயத்து! வாங்கி ஒளித்துவைத்துக்கொள்கிறான். பந்தயப்படி கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவில்லை.

அன்றைக்கே பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான், அதாவது பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். நாளையே நியாயத்தீர்ப்பு நாள் என்றாலும் கவலையில்லை என்னும் அளவுக்குச் சுத்தமாக மன்னிப்பும் கிடைக்கிறது. கச்சையோ அவனிடமே இருக்கிறது. மறுநாள் காலை, அழகுக்காக அல்ல, உயிருக்காக என்று கவிஞர் அழுத்திச் சொல்ல, அதை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுகிறான். கேடயத்தில் மாதா, இடுப்பில் தாயத்து. மாதாவே போதும் என்றிருந்தால் அந்த இரண்டு சுற்று எதற்கு?

பச்சை மனிதனின் இடத்துக்கு வழிகாட்டி வந்தவன், “ஓடிப் போய்விடுங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன்” என்கிறான். கவெய்ன் என்ன பதில் சொன்னான்? ஓடினால் நான் கோழை, எனக்கு மன்னிப்பே கிடையாது என்றான். கடவுள் காப்பார் என்பதையும் சொன்னான், மறைக்கவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள்: மானம் முதலில், கடவுள் அப்புறம்.

பச்சை மனிதன் கோடரியை ஓங்குகிறான். கவெய்னின் தோள் லேசாக ஒடுங்குகிறது. “நீ கவெய்னே இல்லை” என்று அவன் நக்கலடிக்கிறான். இரண்டாவது ஓங்கல் வெறும் பாவனை. மூன்றாவதில் கழுத்தில் ஒரு கீறல், பனியில் நாலு சொட்டு ரத்தம். அந்தக் கீறல் ஒளித்த கச்சைக்கு! உயிர்மேல் ஆசைப்பட்டுத்தானே செய்தாய், அதனால் குற்றம் குறைவு என்று வெட்டியவனே சொல்கிறான். கவெய்னால் ஏற்க முடியவில்லை. நெஞ்சின் ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறுகிறது. கச்சையை அவிழ்த்து வீசுகிறான். பாதிரியாரிடம் சொல்லாததை, கோடரியில் சாய்ந்து நிற்கும் ஒரு பச்சை மனிதனிடம் வாய்விட்டுச் சொல்கிறான். (நடுவில் ஆதாம், சிம்சோன், சாலமோன், தாவீது என்று பெண்களிடம் ஏமாந்த பைபிள் ஆட்கள் நாலு பேரைச் சாட்சிக்கு இழுத்துப் பெண்களைக் குறை சொல்கிறான். அதற்கு என் அணி பொறுப்பல்ல, தாய்மார்கள் மன்னிக்க வேண்டும்.)

ஊர் திரும்புகிறான். கழுத்துக் காயம் ஆறிவிட்டது. கச்சை மட்டும் தோளில் குறுக்காகக் கிடக்கிறது, என் குற்றத்தின் அடையாளம் என்கிறான். சபையே சிரிக்கிறது. நாங்களும் ஆளுக்கொன்று கட்டிக்கொள்கிறோம் என்று கட்டியும்விடுகிறார்கள். கவெய்ன் கூடச் சேர்ந்து சிரித்ததாகக் கவிஞர் ஒரு வரியும் எழுதவில்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். உட்காருகிறேன்.